கரி மூட்டத்தில் இரண்டு கோடுகள்

அருப்புக்கோட்டைக்கு நான் போனது ஒரு பசையைப் பார்ப்பதற்காக.

பினாங்கில் நான் வேலை செய்யும் நிறுவனம், சர்க்கரை நோயாளிகளுக்காக ஒரு கருவியை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை வில்லை. மேல்கையின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதன் அடியில் மயிரிழை போன்ற ஒரு கம்பி தோலுக்குள் இறங்கியிருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உடம்பின் சர்க்கரையை அளந்து கைப்பேசிக்கு அனுப்பும். அளவு மிகவும் இறங்கிவிட்டால் கைப்பேசி கத்தும். ஒரு வில்லை பதினான்கு நாள் கையில் நிற்க வேண்டும்.

பினாங்கில் நின்றது. எங்கள் ஊர் வெப்பம் ஈரமானது. நாள் முழுக்க வேர்வை, மாலையில் மழை. காய்ந்த வெயிலிலும் புழுதியிலும் பசை என்ன ஆகும் என்று தெரியவில்லை. அதற்காகத்தான் அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனை மூலம் இருபது பேருக்கு ஒட்டிச் சோதித்துக்கொண்டிருந்தோம். ஒன்பதாம் நாள், பத்தாம் நாள் என்று சிலருக்கு உரிந்து விழுந்துவிட்டது. போய்ப் பார்த்து வா என்றார் எங்கள் தலைவர் லிம். எங்களுடையது ஆறு பேர் வேலையை மூன்று பேர் செய்கிற நிறுவனம். பசை என் பொறுப்பு. வில்லை அனுப்பும் அளவுகளில் எதைக் கைப்பேசியில் காட்டுவது, எதை நம்பாமல் விடுவது என்ற கணக்கும் என் பொறுப்புதான். அந்த இரண்டாவது வேலையை முடிந்துபோனதாக நினைத்திருந்தேன்.

மதுரையில் இறங்கி அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், நான் பேசிய தமிழைக் கேட்டுவிட்டு, "எந்த ஊருத்தா?" என்றார். மலேசியா என்றேன்.

"அது இப்ப. பூர்வீகம் எந்த ஊரு?"

தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. தேடிக்கொண்டும் வரவில்லை. அவர் அதை நம்பவில்லை. இறங்கும்வரை, மலேசியாவுக்குப் போனவர்கள் எந்தெந்த ஊர்களிலிருந்து போனார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, என் முகத்தில் ஏதாவது மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். ஐந்து நாளில் பதினேழு பேர் அதே கேள்வியைக் கேட்டார்கள்.

மருத்துவமனையில் என்னை வரவேற்றவள் செல்வராணி. முப்பது வயதிருக்கும். செவிலியர். எங்கள் சோதனையை அங்கே நடத்துவது நடைமுறையில் அவள்தான். ஸ்கூட்டரில் போய் வில்லை ஒட்டுவாள், உரிந்ததைச் சேகரிப்பாள், வாராவாரம் எனக்கு அறிக்கை அனுப்புவாள். எழுத்தில் மட்டுமே பழகியிருந்தோம். நேரில் பார்த்ததும், "அக்கா, நீங்க ரொம்பக் கோவக்காரவுகளா இருப்பீகன்னு நெனச்சேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "நான் ஒரு பக்கம் எழுதி அனுப்புனா நீங்க ஒரு வரிதான பதில் போடுவீக."

முதல் நாள் உரிந்த வில்லைகளைப் பார்ப்பதில் போயிற்று. பசையின் ஓரத்தில் செம்மண், கரிசல் மண், பஞ்சு, ஒன்றில் மல்லிகைப்பூ பறிக்கிறவரின் கையிலிருந்து வந்த பச்சைக் கறை. எங்கள் ஆய்வறையில் செயற்கை வேர்வை என்று ஒரு திரவம் வைத்திருக்கிறோம். அதில் தோய்த்துத்தான் பசையைச் சோதிப்போம். அதில் பஞ்சு இல்லை, மண்ணும் இல்லை.

இன்னொரு சிரமம் எண்கள். பினாங்கில் சர்க்கரை ஐந்து என்றால் நலம். இங்கே அதே அளவைத் தொண்ணூறு என்பார்கள். அலகு வேறு, பதினெட்டால் பெருக்க வேண்டும். செல்வராணி "நூத்தி எண்பது" என்று சொல்லும்போதெல்லாம் நான் மனத்துக்குள் வகுத்துக்கொண்டிருந்தேன்.

இரவு உணவுக்கு எண்ணெய் பரோட்டா. எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்கு இது உறவு என்று நினைத்துத்தான் கேட்டேன். உறவுதான், ஆனால் குணம் வேறு. சட்டி எண்ணெயில் மூழ்கி, மொறுமொறுவென்று உடைகிறது. அடுத்த மேசையில் இருவர் தங்கள் சர்க்கரை அளவுகளை ஒப்பிட்டுக்கொண்டே ஆளுக்கு நான்கு சாப்பிட்டார்கள். அதில் ஒருவர், "நாளைக்கு டெஸ்டு, அதான் இன்னிக்கே சாப்புட்டுக்கிறேன்" என்றார். இந்த வகைக் கணக்கு பினாங்கிலும் உண்டு.

இரண்டாம் நாள் காலை ஊருக்குள்ளேயே ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போனோம். சரோஜா என்று வைத்துக்கொள்வோம்; இந்தக் கட்டுரையில் சோதனையில் இருந்தவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். வீட்டின் பின்பாதி தகரக் கூரை போட்ட விசைத்தறிக் கூடம். நான்கு தறி. உள்ளே நுழைந்ததும் சத்தம் நெஞ்சில் இடித்தது. பேசுவதற்குக் காதில் வாய் வைக்க வேண்டியிருந்தது. வெயில் ஏற ஏறத் தகரம் கொதித்தது. நான் கொண்டுபோன வெப்பமானி நாற்பத்து மூன்று காட்டியது. காலையில் நான்கு இட்லி சாப்பிட்டதாகச் சொன்ன சரோஜா அதற்குள் நின்று அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்.

அவருடைய கணவர் அவர்களின் வீட்டுமொழியான கன்னடத்தில் ஏதோ சொன்னார். சரோஜா அதைவிட நீளமாகக் கன்னடத்திலேயே பதில் சொன்னார். என்ன என்று செல்வராணியைக் கேட்டேன்.

"உங்களுக்கு டீ போடச் சொல்றாரு. சீனி போடவா வேண்டாமான்னு அந்தம்மா கேக்குறாக. சுகர் மிசினு விக்கிறவுகளுக்குச் சுகர் இருக்குமா இருக்காதான்னு ரெண்டு பேருக்கும் சண்டை."

சீனி போடலாம் என்றேன்.

சரோஜாவின் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் அளவு பார்த்தோம். நூற்று நாற்பத்தொன்று. வில்லை நூற்று முப்பத்தாறு காட்டியது. ஒரு மணி நேரம் கழித்து, வெப்பமானி நாற்பத்து நான்கு காட்டியபோது மறுபடி பார்த்தோம். நூற்று இருபத்தெட்டு. வில்லையில் நூற்று முப்பது. இவ்வளவு சூட்டிலும் இப்படி ஒத்துப்போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டேன். அந்த மகிழ்ச்சியோடு நின்றுவிட்டேன். அங்கேயே இன்னொரு கேள்வியை என்னிடமே கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

மாலையில் செல்வராணி, சீரணி என்றொரு இனிப்பை வாங்கித் தந்தாள். மாவைப் பிழிந்து பொரித்து வெல்லப்பாகில் போட்டது. கடையில் நின்றபடியே கேட்டாள்: "அக்கா, நாளைக்கு முத்துராக்கு அக்காவப் பாக்கப் போறோம். அவுக போன்ல அடிக்கடி ரெண்டு கோடு வருதுன்னு எழுதியிருந்தேன்ல?"

எழுதியிருந்தாள். இரண்டு முறை. அவளுக்கு நான் போட்ட ஒரு வரிப் பதில்களும் நினைவிருந்தன. 'சூட்டினால் அப்படி வரும். கவலை வேண்டாம்.'

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வில்லைக்குள் இருக்கும் நொதி, சூட்டில் வேகமாக வேலை செய்யும். சர்க்கரை இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். அதனால் தோலின் சூட்டைப் பார்த்து அதற்கேற்பக் கழித்துக்கொள்ளும் கணக்கு ஒன்று வைத்திருக்கிறோம். ஆய்வறையில் சூட்டுப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தபோது இரண்டு வில்லைகளில் அந்தக் கணக்கு தேவைக்கு மேல் கழித்து, அளவு திடீரென்று கீழே விழுவதுபோல் காட்டியது. அப்படிப் பொய்யாகக் கத்தினால் ஜனங்கள் கருவியைக் கழற்றி எறிந்துவிடுவார்கள் என்றார் லிம். அதனால் நான் ஒரு வடிகட்டி எழுதினேன். தோல் மிகச் சூடாக இருந்து, அதே நேரத்தில் அளவும் வேகமாக இறங்கினால், அந்த அளவை நம்பாதே, எண்ணுக்குப் பதிலாக இரண்டு கோடு காட்டு, கத்தாதே. மொத்தம் பதினோரு வரி நிரல். எழுத ஒரு பிற்பகல் ஆயிற்று.

மூன்றாம் நாள் பரளச்சிப் பக்கம் கிளம்பினோம். முத்துராக்குவின் ஊர் அதற்கும் அப்பால். ஸ்கூட்டரில் செல்வராணிக்குப் பின்னால் நான், என் மடியில் வில்லைகளும் மடிக்கணினியும் இருந்த பெட்டி. சாலையின் இரு பக்கமும் கருவேல மரங்கள், நடுநடுவே மழைக்குக் காத்திருக்கும் உழுத நிலம். பரளச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பின்சக்கரத்தில் முள் ஏறிவிட்டது. தள்ளிக்கொண்டே போய்ப் பஞ்சர் கடையில் விட்டோம். கடைக்காரர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருப்பதாகவும், சாப்பிட்டதும் வந்துவிடுவார் என்றும் பக்கத்துக் கடையில் சொன்னார்கள். சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டேன். இனிமேல்தான் முகூர்த்தமே என்றார்கள்.

காலி கரிச்சாக்கு ஏற்றிவந்த ஒரு லோடு ஆட்டோ எங்களை ஏற்றிக்கொண்டது. சாக்குகளின் மேல் உட்கார்ந்து போனோம். இறங்கும்போது என் வெளிர்நீலச் சட்டையின் முதுகு கறுப்பாகியிருந்தது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "பூர்வீகம் இந்தப் பக்கம்தான?" என்றார்.

முத்துராக்குவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் திருப்பூரில் வேலை செய்யும் மகனோடு இருக்கிறார். இவர் ஊரைவிட்டுப் போக மாட்டேன் என்று தங்கி, தன் நிலத்திலும் அக்கம்பக்கத்திலும் கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போடுகிறார். வெட்டிய கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, மேலே தழை போட்டு, ஈரமண் பூசி, உள்ளே நெருப்பு வைப்பார்கள். நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே புகைந்து கட்டை கரியாகும். எங்காவது மண் வெடித்துக் காற்றுப் புகுந்தால் எல்லாம் சாம்பலாகிவிடும். அதனால் ஒருவர் சுற்றிச்சுற்றி வந்து ஓட்டையை அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நாங்கள் போனபோது அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஒல்லியான, நெடிய உருவம். சேலைக்கு மேலே ஆண்சட்டை. தலையில் துண்டு. மணி பதினொன்று ஆகியிருந்தது. மூட்டத்தின் அருகே நான் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை.

"வாங்க தாயி" என்றவர் என் முதுகைப் பார்த்துச் சிரித்தார். "இப்பவே கரி அள்ளிட்டு வந்துட்டீகளா?"

கையைக் காட்டச் சொன்னேன். வில்லை ஒட்டிப் பதினோராம் நாள். ஒரு ஓரம்கூடத் தூக்கவில்லை. அந்த இருபது பேரில் மிக மோசமான இடத்தில் இருந்த வில்லை இதுதான். அதுதான் நன்றாகவும் நின்றிருந்தது. பசையைப் புகைப்படம் எடுத்தேன். கைப்பேசி எங்கே என்று கேட்டேன். வேப்பமரத்துக் கிளையில் தொங்கிய மஞ்சள் பையைக் காட்டினார். எடுத்துப் பார்த்தேன். இரண்டு கோடு.

"பாருங்கக்கா, இதான்" என்றாள் செல்வராணி.

"சூடு" என்றேன் நான்.

முத்துராக்கு ஒரு கூடை ஈரமண்ணைத் தூக்கினார். இரண்டு அடி வைத்தார். கூடையை இறக்கினார். சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. கைவிரல்கள் நடுங்கின.

"என்னக்கா செய்யுது?" என்று செல்வராணி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. வெக்கைக்கு அப்பிடித்தான் வரும். கிறுகிறுன்னு வரும், படபடங்கும். செத்த உக்காந்தா போயிரும்."

"தெனம் வருதா?"

"மூட்டம் போட்டா வரும். வெக்கையில நின்னா வரத்தான செய்யும்."

அவர் உட்காரவில்லை. மறுபடி கூடையை எடுக்கக் குனிந்தவர், அப்படியே மூட்டத்தின் பக்கமாகச் சாய்ந்தார். செல்வராணி பாய்ந்து இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இருவரும் மண்ணில் விழுந்தார்கள். மூட்டத்துக்கும் அவர் தலைக்கும் இடையில் ஒரு முழம்தான் இருந்தது.

மரத்தடிக்குத் தூக்கிவந்தோம். கண் திறந்திருந்தது, ஆனால் பேச்சு குழறியது. என்னை வேறு யாரோ என்று நினைத்து, மாடு எங்கே என்று கேட்டார். செல்வராணி அவர் விரலைக் குத்தினாள். நான் பெட்டியைத் திறந்து என் மடிக்கணினியில் வில்லையை இணைத்தேன். கைப்பேசியில் மறைக்கப்பட்ட எண், வடிகட்டிக்கு முந்தைய எண், அதில் தெரியும்.

"நாப்பத்தேழு" என்றாள் செல்வராணி.

என் திரையில் ஐம்பத்தொன்று இருந்தது. பதினெட்டால் வகுக்கத் தேவைப்படவில்லை. எந்த அலகில் சொன்னாலும் அது ஆபத்தான எண்.

செல்வராணி தன் பையிலிருந்த குளுக்கோஸ் பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்து, தலையைத் தாங்கிப் பிடித்து, சிறிது சிறிதாகக் குடிக்க வைத்தாள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு எதற்கும் நான் அங்கே பயன்படவில்லை. கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. எண்ணும் ஏறியது. அவர் எழுந்து உட்கார்ந்து, முதலில் கேட்டது மூட்டத்தைப் பற்றித்தான். "தெக்குப் பக்கம் வெடிச்சிருந்துச்சே, அடச்சீகளா?"

அவர் சொன்ன இடத்தில் நான் போய் மண் அப்பினேன்.

திரும்பி வந்தபோது செல்வராணி அவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"மாத்தரை எப்பப் போடுறீக?"

"விடியக்காலம், ஆறு மணிக்கு. கடுங்காப்பி குடிச்சுட்டுப் போட்டுருவேன்."

"சாப்பாடு?"

"பன்னெண்டு ஆயிரும். மூட்டத்த விட்டுட்டு எங்கிட்டுப் போக?"

"ஆறு மணிக்குப் போட்டுட்டுப் பன்னெண்டுக்கா சாப்புடுறீக? யாருக்கா அப்பிடிச் சொன்னது?"

"டாக்டருதான. சாப்பாட்டுக்கு முன்னால போடுன்னாக. முன்னாலதான போடுறேன்."

செல்வராணி என்னைப் பார்த்தாள். மாத்திரை போட்டு அரைமணியில் சாப்பிட வேண்டும் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். இவர் சொன்னபடியே செய்தார். எத்தனை மணிக்குச் சாப்பிடுவாய் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. எங்கள் சோதனைப் படிவத்தில் நாற்பது கேள்விகள் இருக்கின்றன; அதிலும் அது இல்லை.

நான்காம் நாள் முழுவதும் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பதினோரு நாள் அளவுகளையும் எடுத்துப் பார்த்தேன். மின்விசிறி ஒரு பக்கம் சத்தமில்லாமல் திரும்பி, மறுபக்கம் திரும்பும்போது முனகியது. ஏழு நாள் அவர் மூட்டத்தில் நின்றிருக்கிறார். ஏழு நாளும் பத்தரை மணிக்கு மேல் அளவு சரிந்திருக்கிறது. ஏழு நாளும் சாப்பிட்டபின் ஏறியிருக்கிறது. சூட்டினால் வந்த பொய் என்றால் மூட்டத்தை விட்டு விலகியதும் சரியாகியிருக்க வேண்டும். இது சோறு தின்றபின்தான் சரியானது. சரோஜாவின் தறிக் கூடத்தில் அதே சூடு; அங்கே அவர் காலையில் நான்கு இட்லி தின்றுவிட்டு நின்றார்; அளவு சரியவே இல்லை. இரண்டாம் நாளே எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது இதுதான்.

வில்லை ஏழு முறையும் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறது. என் பதினோரு வரி ஏழு முறையும் அதன் வாயை அடைத்திருக்கிறது. நடுங்கியவர் வெக்கை என்று நினைத்தார். பினாங்கில் இருந்த நானும் வெக்கை என்று எழுதினேன்.

மருத்துவரிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் திரையைப் பார்த்துவிட்டு, மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்து எழுதினார். "நானும் கேட்கவில்லைதான்" என்றார். அவ்வளவே பேசினோம்.

பிறகு லிம்மைக் கூப்பிட்டேன். வடிகட்டியை எடுக்க வேண்டும், எடுக்கும்வரை இருபது பேரிடமும் கைப்பேசியை நம்ப வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றேன். அவர் கெட்டவர் அல்லர். ஆனால் இரண்டு மாதத்தில் கருவிக்கு அரசு ஒப்புதல் கேட்டு விண்ணப்பிப்பதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

"ஒரே ஒரு நோயாளி" என்றார். "ஒரே ஒரு விரல் சோதனை. இதை வைத்து எப்படி முடிவு செய்வது?"

"வடிகட்டியை எழுதும்போது சூட்டுப் பெட்டியில் இரண்டு வில்லைதான் பார்த்தோம்" என்றேன். "அதை வைத்து முடிவு செய்தோம்."

மறுமுனையில் யாரோ மேசையில் கோப்பை வைக்கும் சத்தம் கேட்டது. பினாங்கில் மழை பெய்துகொண்டிருந்தது; அதுவும் கேட்டது.

"பொய்யாகக் கத்தினால்?"

"கத்தட்டும். விரலைக் குத்திப் பார்த்துக்கொள்வார்கள். கத்தாமல் இருந்தால் எதைப் பார்ப்பார்கள்?"

நீ திரும்பி வா, கூட்டத்தில் பேசுவோம் என்றார். இருபது பேருக்கும் தகவல் சொல்வதை மட்டும் உடனே ஒப்புக்கொண்டார். செல்வராணி அன்று மாலைக்குள் எல்லோரையும் தொலைபேசியில் பிடித்தாள். நரிக்குடிப் பக்கம் ஒருவர் மட்டும் கிடைக்கவில்லை. ஆடு மேய்க்கப் போயிருந்தார். பஸ் பிடித்துப் போய் நேரில் சொல்லிவிட்டு வந்தாள்.

ஐந்தாம் நாள், பஞ்சர் ஒட்டி வாங்கிய ஸ்கூட்டரில் செல்வராணியோடு முத்துராக்குவிடம் மறுபடி போனேன். போக வேண்டிய கட்டாயம் இல்லை. புதிய மாத்திரைச் சீட்டைச் செல்வராணியே கொடுத்துவிடுவாள். நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மூட்டத்தை விட்டுத் தள்ளி, மர நிழலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தூக்குவாளியில் கம்பங்கூழ். எட்டு மணிக்கே குடித்துவிட்டதாகச் சொல்லி எனக்கும் ஊற்றிக் கொடுத்தார். வெங்காயத்தோடு குடித்தேன். லேசான புளிப்பு, தொண்டையில் குளிர்ச்சி. எங்கள் ஊரில் ஐஸ் போட்டு விற்கும் எந்தப் பானமும் அவ்வளவு குளிர்விக்காது.

குடித்து முடித்ததும் சொன்னேன். "அக்கா, உங்களுக்கு வந்தது வெக்கையால் வந்த மயக்கம் இல்லை. சர்க்கரை இறங்கியதால் வந்தது. இந்த வில்லை அதை ஏழு தடவை கண்டுபிடித்திருக்கிறது. போன் கத்தியிருக்க வேண்டும். கத்தாமல் இருக்கும்படி செய்து வைத்தது நான். சூட்டில் தப்பாகக் கத்தும் என்று நினைத்து அப்படிச் செய்தேன். நான் நினைத்தது தப்பு."

அவர் கையிலிருந்த தூக்குவாளியின் மூடியைப் போட்டார்.

"ஏழு நாளா?"

"ஏழு நாள்."

"எங் கையிலயே ஒட்டிக்கிட்டு, பாத்துக்கிட்டே இருந்துச்சா?"

"ஆமாம்."

"நான் அந்த நெருப்புக்குள்ள விழுந்திருந்தா?"

செல்வராணி, "அக்கா, இவுக வேணும்னு செய்யல" என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு செல்வி. வேணும்னு செஞ்சாகன்னு நான் சொன்னனா?" குரல் உயரவில்லை. என் பக்கம் திரும்பினார். "இத எடுத்துரு. எனக்கு வேணாம்."

அவருக்கு அந்த உரிமை உண்டு. எப்போது வேண்டுமானாலும் சோதனையிலிருந்து விலகலாம் என்று கையெழுத்து வாங்கும்போதே சொல்லியிருக்கிறோம். கையைப் பிடித்து மெதுவாக உரித்தேன். நல்ல பசை, சுலபத்தில் வரவில்லை. தோலில் வெளிறிய ஒரு வட்டம் தெரிந்தது. சுற்றிலும் கரி படிந்த கை, நடுவில் அது மட்டும் சுத்தமாக.

விலகுகிறவர்களுக்கு ஒரு படிவம் உண்டு. காரணம் என்ற இடத்தில் நான்கு கட்டங்கள்: அரிப்பு, உரிந்து விழுந்தது, வேலைக்கு இடைஞ்சல், சொந்தக் காரணம். கீழே 'பிற' என்று ஒரு கோடு. எதைப் போடட்டும் என்று கேட்டேன்.

"நாலும் இல்ல."

"அப்படியானால் நீங்கள் சொல்லுங்கள், எழுதுகிறேன்."

"எழுது. அது பாத்துச்சு. சொல்லல."

அப்படியே எழுதினேன். அவர் கைநாட்டு வைக்கவில்லை. பேனாவை வாங்கி, மு, த், து என்று எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். விடைபெறும்போது, "வெயிலுக்கு முன்ன கெளம்புங்க" என்றார். கோபம் தணிந்துவிட்டதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஊரில் யாரிடமும் அதைச் சொல்லியிருப்பார்.

திரும்பும் வழியில் பரளச்சியில் டீ குடிக்க நிறுத்தியபோது செல்வராணி, "அக்கா, நான் ரெண்டு வாட்டி எழுதுனேன்" என்றாள். குறை சொல்லும் தொனி இல்லை. நடந்ததை நடந்ததுபோல் சொன்னாள்.

"தெரியும்" என்றேன். "அந்த ரெண்டு கடிதத்தையும் கூட்டத்தில் காட்டப் போகிறேன். என் பதிலையும்."

பினாங்கில் கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. எட்டுப் பேர். பசையைப் பற்றி முதலில் பேசினேன், எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு ஏழு நாள் வரைபடங்களைப் போட்டேன். அதன்பின் செல்வராணியின் கடிதங்கள், என் ஒருவரிப் பதில்கள். அறையில் குளிர்சாதனம் அதிகமாக இருந்தது. கடைசியாக விலகல் படிவத்தைத் திரையில் காட்டினேன். தமிழ் படிக்கத் தெரிந்தவர் என்னைத் தவிர யாருமில்லை.

"அந்த வரி என்ன?" என்றார் லிம்.

மொழிபெயர்த்துச் சொன்னேன். சின்ன வாக்கியங்கள், எந்த மொழியிலும் சுலபமாக வரும்.

ஆவணங்களைக் கவனிக்கும் பெண், ஒப்புதல் அதிகாரிகளுக்கு இது போகும், 'சொந்தக் காரணம்' என்று மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. லிம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் என்ன சொன்னாரோ அதுவே போகட்டும்" என்றார். அன்று பிற்பகல் பதினோரு வரியையும் எடுத்தேன். இந்த முறை கால் மணி நேரம்தான் ஆயிற்று. விண்ணப்பம் தள்ளிப்போயிற்று, எவ்வளவு என்று இன்னும் தெரியாது. சூட்டில் பொய்யாக இறங்குகிறதா என்பதை இப்போது சூட்டுப் பெட்டியில் அல்லாமல், வெயிலில் நிற்கும் மனிதர்களிடம் விரல் சோதனையோடு சேர்த்துப் பார்க்கிறோம். படிவத்தில் நாற்பத்தோராவது கேள்வி சேர்ந்திருக்கிறது: எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?

ஒரு மாதம் கழித்துச் செல்வராணி கூப்பிட்டாள். முத்துராக்கு அடுத்த மூட்டம் போட்டுவிட்டார். வெயில் இன்னும் ஏறியிருக்கிறது. எட்டு மணிக்குக் கூழ், அதற்கு முன்னால் பாதி மாத்திரை. நடுக்கம் ஒருநாளும் வரவில்லை.

"மறுபடி ஒட்டிக்கிறீகளான்னு கேட்டேங்க்கா."

"என்ன சொன்னார்?"

"இப்பக் கத்துதான்னு கேட்டாக. கத்துது, நேத்துக்கூட ஒருத்தருக்குக் கத்துச்சுன்னேன். 'அப்பச் சரி, வேற ஆளுக்கு ஒட்டு. எனக்கு வேணாம்'னுட்டாக."

அவருக்கென்று எடுத்துப்போயிருந்த புது வில்லையை அன்றைக்கே மல்லாங்கிணறு ஊரில் ஒருவருக்கு ஒட்டிவிட்டதாகச் சொன்னாள்.